சுவரோர நாற்காலிகள்

எத்தனை பேர் என்று கேட்கிறீர்கள்.
நான் காப்பிக்கடைக்காரி, கணக்குப்பிள்ளை இல்லை.
நாற்காலிகளைப் பாருங்கள்.

நடுவில் கிடக்கும் எட்டும்
வாங்கி இருபது வருஷம், மெருகு போகவில்லை.
சுவரை ஒட்டிய பதினொன்றுக்கு
மூன்று முறை பிரம்பு மாற்றியாயிற்று.
கதவுக்கு முதுகு காட்டி உட்கார
இந்த மலையூரில் ஆள் கிடைப்பது அபூர்வம்.

ஃபிர்மினு கினியில் இருந்தவர்.
பெல்மீரு மொசாம்பிக்கில்.
இருவரும் இருபத்தோரு வயதில் லிஸ்பனில் கப்பலேறி
இருபத்து மூன்றில் திரும்பிவிட்டதாக
பட்டாளத்துத் தாள் சொல்கிறது.
ஃபிர்மினுவின் மனைவி ஸுல்மீரா ஒப்புக்கொள்வதில்லை.
"அவர் இன்னும் வந்து சேரவில்லை,
சாப்பாட்டுக்கு மட்டும் ஆள் அனுப்புகிறார்" என்பாள்.
சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

ஒரு ராத்திரி தூக்கத்தில் அவள் கழுத்தைப் பிடித்தார்.
காலையில் விரல் தடங்களைப் பார்த்து
யார் செய்தது என்று அவளையே கேட்டார்.
அன்றிலிருந்து தனி அறை.

மகள் அப்பாவை எழுப்பப் பழகியது இப்படி:
நிலைப்படியில் நின்று
கட்டில் காலைக் குறிபார்த்து
ஒரு செருப்பை எறிவது.
எறிந்ததும் ஓடிவிடுவது.
அவளுக்கு இப்போது நாற்பத்திரண்டு. லக்ஸம்பர்க்கில் குடித்தனம்.
புருஷனையும் அப்படித்தான் எழுப்புகிறாளாம்.
அவன் எந்தச் சண்டைக்கும் போனதில்லை.

உங்கள் படிவத்தை எட்டிப் பார்த்தேன்.
வேலை போனதா, குடி உண்டா, தூக்கம் எத்தனை மணி
எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது.
செருப்புக்கு இல்லை.

ஆகஸ்டில் மாதா திருவிழா, அதிர்வேட்டு போடுவார்கள்.
அன்றைக்கு ஒன்பது ஆண்பிள்ளைகள்
அதெரீத்துவின் நிலவறையில், ஒயின் பீப்பாய்களுக்கு நடுவே
சீட்டாடுவார்கள். பந்தயம் கிடையாது.
முதல் வேட்டுக்குக் கைகள் நின்றுபோகும்.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்
அடுத்த சீட்டை இறக்குவார்கள்.
பாதிரியார் அவர்களை நாத்திகர்கள் என்று நினைக்கிறார்.
பத்தாவதாக ஒருவர் இருந்தார்.
கிணறு.
அதற்கு மேல் இங்கே யாரும் பேசுவதில்லை.

பழைய சண்டை, கிழவர்களோடு தீர்ந்துபோகும் என்று
நானும்தான் நினைத்தேன்.
போன அக்டோபரில் காடு எரிந்தது.
தீயணைப்புப் பையன் துவார்த்தே
சாலையில் நின்றிருந்த ஒரு காரின் கதவைத் திறந்தான்.
இப்போது நான் இறைச்சி வாட்டினால்
மழையானாலும் வெளியே போய் நிற்கிறான்.
பஸ் ஓட்டிய ஒலிம்பியா
அந்த வளைவுக்குப் பிறகு சாவியைத் தொடவில்லை.
மருந்துக்கடை கிராசிந்தாவுக்குப்
போரும் இல்லை, தீயும் இல்லை.
ஒரு கணவன் இருந்தான்.

மூவரும் ஒவ்வொருவராக
ஒரு சொல்லும் சொல்லாமல் சுவர்ப்பக்கம் நகர்ந்தார்கள்.
கடைக்கு நாலு சுவர்தான்.

இடம் போதாமல், வில ரியாலுக்குப் போய்
ஆளுயரக் கண்ணாடி ஒன்று வாங்கி எதிரே மாட்டினேன்.
முதுகு காட்டி உட்கார்ந்தாலும் அதில் கதவு தெரியும்.
காப்பிச் சக்கையைத் தட்டிக் கொட்டும் கட்டைக்குச்
சாக்குச் சுற்றினேன்.
தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவதில்லை.
இதெல்லாம் எங்கே படித்தீர்கள் என்கிறீர்கள்.
பெல்மீருவோடு முப்பத்தெட்டு வருஷம்
ஒரே கூரையின் கீழ் இருந்தேன்.

எண் என்று ஒன்று வேண்டுமானால்
பதினொன்று என்று போட்டுக்கொள்ளுங்கள்.
பக்கத்தில் பொடி எழுத்தில்
நாற்காலி போதவில்லை என்றும்.

உள்ளே வந்ததும் நீங்கள்
மேசையைச் சற்றே இழுத்துத் திருப்பிப் போட்டுக்கொண்டீர்கள்.
கவனித்தேன். கேட்கமாட்டேன்.
காப்பி ஆறிவிட்டது, வேறு தருகிறேன்.
இதோ, கோப்பையை எடுக்க வருகிறேன்.
முன்பக்கமாகத்தான் வருவேன்.